சொல் விசாரணை: பலகை பதவியான கதை

இங்கிலீஷ் படிக்கும் குழந்தைகளுக்கு நாம் இழைக்கும் தீங்குகளில் ஒன்று, ஒவ்வோர் இங்கிலீஷ் வார்த்தைக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ் வார்த்தையை எழுதிக் கொடுத்து, அதை நெட்டுருப் போடச் செய்வதாகும். 'போர்டு' என்றால் பலகை; தீர்ந்தது விஷயம். குழந்தையும் தலையை ஆட்டி ஆட்டி ஒப்பித்துவிட்டு, வாத்தியாரிடம் சபாஷ் வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விடுகிறது. வம்பெல்லாம் பிற்பாடுதான் ஆரம்பமாகிறது.

வளர்ந்த பிறகு பத்திரிகையைப் பிரித்தால், ஒரு கம்பெனியின் 'போர்டு' நேற்றுக் கூடி லாபத்தைப் பங்கு போடத் தீர்மானித்தது என்று போட்டிருக்கிறது. பலகை எப்படிக் கூடும்? விடுதி விண்ணப்பத்தில் 'போர்டு' வகைக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று கண்டிருக்கிறது. பலகைக்கு வாடகையா? ரயில் டிக்கெட்டில் 'போர்டிங்' ஸ்டேஷன் என்று ஒன்று இருக்கிறது. காலேஜ் விண்ணப்பத்திலோ, "உமது போர்டு எது?" என்று ஒரு கேள்வியே கேட்டிருக்கிறார்கள். தகப்பனாரும் பாட்டனாரும் காலேஜ் வாசலை மிதித்திராத குடும்பத்திலிருந்து முதன்முதலாக விண்ணப்பம் எழுத உட்காரும் பெண், அந்தக் கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு திகைப்பதில் ஆச்சரியம் என்ன? அவள் அறிந்த போர்டு, வாத்தியார் சாக்குக் கட்டியால் எழுதிய கரும்பலகை ஒன்றுதான்.

ஆகையால் இந்த வாரம் அந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டு, அது எங்கே புறப்பட்டு, எந்தெந்த வீடுகளில் நுழைந்து, என்னென்ன வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

புறப்பட்ட இடத்தைப் பற்றிச் சந்தேகம் இல்லை. பலகைதான். ஆயிரம் வருஷங்களுக்கு முந்திய பழைய இங்கிலீஷில் இச்சொல் அறுத்துச் செதுக்கிய மரப் பலகையைக் குறித்தது. அக்காலத்துப் போர்வீரனுடைய கேடயத்துக்கும் இதே பெயர் உண்டு, கேடயமும் மரந்தானே! சாப்பாட்டு மேஜைக்கும் இதே பெயர். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாளைய இங்கிலாந்து வீடுகளில் நாலு காலுடன் ஓரிடத்தில் நிலையாக நிற்கும் மேஜை அதிகம் கிடையாது. சாப்பாட்டு வேளை வந்ததும் கவட்டுக் கால் வைத்த தாங்கிகளைப் போட்டு, அவற்றின் மேல் நீண்ட பலகைகளைப் பரப்புவார்கள். சாப்பிட்டு எழுந்ததும் பலகையை எடுத்துச் சுவரோரமாய்ச் சாய்த்துவிடுவார்கள். எனவே, 'பலகை போட்டாயிற்று' என்றால் சாப்பாடு தயார் என்று அர்த்தம்.

இதைக் கேட்டதும் நம் வீடுகளில் வழங்கும் ஒரு பேச்சு வாசகர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். நாம் பலகை போடுவதில்லை; இலை போடுகிறோம். "இலை போட்டாயிற்று, வாருங்கள்" என்றால் யாரும் வாழை இலையைப் பார்ப்பதற்காக எழுந்து வருவதில்லை. கல்யாண வீட்டில், "எத்தனை இலை விழுந்தது?" என்று சம்பந்தி விசாரித்தால், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதே கேள்வி. நம்மிடமும் பலகை இருந்தது. ஆனால் அதற்கு மணை என்று பெயர் வைத்து அதன் மேல் உட்கார்ந்தோம். அவர்கள் எதன் மேல் சோற்றை வைத்தார்களோ, அதன் மேல் நாம் நம்மை வைத்துக்கொண்டோம்! ஆகவே இங்கிலீஷில் பலகை சாப்பாடாக மாறியது போல் தமிழில் மாற இடமே இல்லாமல் போயிற்று. அந்த வேலையை வாழையிலை ஏற்றுக்கொண்டது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், 'போர்டு' என்னும் சொல்லின் பாதிக் கதை அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். (பலகாரம் என்ற வார்த்தைக்கும் பலகைக்கும் ஏதோ உறவு இருப்பதாக யாராவது கெட்டிக்காரப் பையன் சொன்னால் நம்ப வேண்டாம், அது பழ ஆகாரம் என்று பொருள்படும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது.)

மேஜைக்கு வந்த பெயர் மேஜை மேலிருந்த சாப்பாட்டுக்கும் வந்தது. பணம் கொடுத்துப் பிறர் வீட்டில் சாப்பிட்டுத் தங்குகிறவன் 'போர்டர்' ஆனான். அங்கேயே உண்டு உறங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் 'போர்டிங் ஸ்கூல்' ஆயிற்று. நம் ஊர் ஓட்டல்களின் முகப்பில் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கிறோமே, அதில் முதல் வார்த்தை சாப்பாடு, இரண்டாவது வார்த்தை படுக்கை இடம். 'லாட்ஜ்' என்று மட்டும் எழுதியிருந்தால் சாப்பாட்டுக்குத் தெருவில் இறங்க வேண்டும் என்று அர்த்தம். மலை வாசஸ்தலங்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டல் கட்டணத்தில் 'புல் போர்டு' என்று கண்டிருந்தால் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்தது. 'ஹாப் போர்டு' என்றால் காலை ஆகாரமும் இன்னொரு வேளைச் சாப்பாடும் மாத்திரம், பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. இது தெரியாமல் மத்தியானம் மனைவி மக்களுடன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கடைசி நாள் கணக்கைப் பார்த்து மூர்ச்சை போடுவதில் பயனில்லை.

வேலைக்காரருக்குச் சாப்பாடு போடுவதற்குப் பதிலாக ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடும் வழக்கம் இங்கிலாந்துப் பெரிய வீடுகளில் இருந்தது. அந்தத் தொகைக்குப் 'போர்டு வேஜஸ்' என்று பெயர். இதற்கு நேரான தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கிறது. அதைத் தினந்தோறும் சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். படி என்பதே அது. தானியத்தை அளந்து கொடுத்த படிதான் காசாக மாறிப் பிறகு பயணப்படியாகவும் அகவிலைப்படியாகவும் வளர்ந்தது என்று கொள்ள இடமுண்டு. அங்கே பலகை, இங்கே அளவுப் பாத்திரம். வயிற்றுப் பாட்டிலிருந்து சம்பளக் கணக்குக்குப் போன பாதை மட்டும் ஒன்றுதான்.

மேஜையைச் சுற்றிச் சாப்பிடுவதோடு மனிதர்கள் நிறுத்திக்கொள்வதில்லையே! சாப்பாடு முடிந்ததும் சீட்டுக் கட்டை எடுக்கிறார்கள். சீட்டாடும்போது ஒருவன் தன் கையை மேஜைக்குக் கீழே கொண்டு போனால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். கைகள் பலகைக்கு மேலே தெரியும்படி இருந்தால் ஆட்டம் யோக்கியமானது. இதிலிருந்துதான் 'அபவ் போர்டு' என்ற சொற்றொடர், ஒளிவு மறைவு இல்லாத நேர்மையான நடத்தை என்ற பொருளில் வழங்குகிறது. மேஜை மேல் குவிந்த பந்தயப் பணம் முழுவதையும் ஒருவனே வாரிக்கொண்டு போனால் அவன் 'போர்டைப் பெருக்கினான்' என்பார்கள். தேர்தலில் எல்லா ஸ்தானங்களையும் ஒரே கட்சி கைப்பற்றும்போது இங்கிலீஷ் பத்திரிகைகள் எழுதும் தொடர் இதுவே. விளக்குமாற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி, மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் கதைக்கு வருவோம். நம் தேசத்துக்கு மிகவும் வேண்டிய கதை இதுதான். வேண்டாத கதை என்று சொன்னாலும் தவறில்லை.

காரியம் பேசுவதற்காக ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்த கனவான்களுக்கும் 'போர்டு' என்ற பெயரே வந்து சேர்ந்தது. இருக்கையின் பெயரை அதில் இருப்பவருக்குச் சூட்டுவது இங்கிலீஷ்காரருக்குப் பழகிப் போன வேலை. நீதிபதிகள் உட்காரும் நீண்ட ஆசனத்தின் பெயர் 'பெஞ்சு'. நீதிபதிகளுக்கும் பெயர் அதுவே. கட்டம் போட்ட துணியை விரித்து அதன் மேல் காய்களை வைத்து அரசாங்கக் கணக்குப் பார்த்தார்கள். கஜானா இலாகாவுக்குச் சதுரங்கப் பலகையின் பெயர் வந்துவிட்டது. இப்படி நாற்காலியும் மேஜையும் விரிப்பும் சேர்ந்து ஒரு ராஜ்யத்தையே ஆண்டிருக்கின்றன.

1784-ஆம் வருஷம் லண்டன் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய நிர்வாகத்தை மேற்பார்வை செய்யப் 'போர்டு ஆப் கண்ட்ரோல்' என்று ஒரு சபையை நியமித்தது. ஆறு பேர் கொண்டது அது. அந்த ஆறு பேரும் உட்கார்ந்த மேஜை லண்டனில் இருந்தது. அவர்கள் தீர்மானித்த விஷயங்களோ தஞ்சாவூர் வயலையும் வங்காளத்துத் தறியையும் பற்றியவை. 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்தபோது அந்த போர்டும் முடிந்தது. ஆயினும் பெயருக்கு ஆயுசு கெட்டி. 1928-இல் நம் நாட்டில் கிரிக்கெட்டை நடத்துவதற்கு ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டபோது, அதற்கும் இந்தியக் கிரிக்கெட் 'கண்ட்ரோல் போர்டு' என்றே நாமகரணம் ஆயிற்று. முந்தியது தேசத்தை ஆட்டி வைத்தது. பிந்தியது பந்தை ஆட்டி வைக்கிறது. இரண்டில் எதைப் பற்றி ஜனங்கள் அதிகமாகக் கவலைப்பட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்வதற்கு நமக்குச் சங்கோசமாக இருக்கிறது.

சென்னை ராஜதானியில் 1786-இல் 'ரெவினியூ போர்டு' அமைந்தது. நிலவரி, ஜமாபந்தி, மானியம், ஏரி, தண்ணீர்த் தீர்வை ஆகிய எல்லாவற்றுக்கும் கலெக்டருக்கு மேலே இருந்த அதிகாரம் அதுதான். கிராமத்துக் கர்ணம் அதைப் 'போர்டார்' என்று மரியாதைப் பன்மையில்தான் சொல்வார். குடியானவனுக்குப் போர்டார் என்பது ஆளா, ஊரா, கட்டடமா என்று தெரியாது. "மனு போர்டுக்குப் போயிருக்கிறது" என்று தாலுகா குமாஸ்தா சொன்னால், அது எங்கே போயிற்று, எப்போது திரும்பும் என்று கேட்க அவனுக்குத் தைரியமும் வராது. பலகை என்று தன் பையன் படித்த அதே சொல்தான் தன் மனுவை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை. சுதந்திரம் வந்த பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் அது இருந்தது. 1980-இல்தான் தமிழ்நாடு சட்டசபை சட்டம் இயற்றி ரெவினியூ போர்டை எடுத்துவிட்டு, அதன் அதிகாரங்களைக் கமிஷனர்களிடம் ஒப்படைத்தது.

இதைவிட ஜனங்களுக்கு நெருக்கமாக இருந்தவை ஜில்லா போர்டும் தாலுகா போர்டும். 1884-ஆம் வருஷத்துச் சட்டமும் பிறகு 1920-ஆம் வருஷத்துச் சட்டமும் அவற்றுக்கு ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம் முதலியவற்றை ஒப்படைத்தன. தாலுகா போர்டுகள் முன்னதாகவே போய்விட்டன. 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளும் போயின. ஆனாலும் 'போர்டு ஹைஸ்கூலில் படித்தவன்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் முதியவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். அவர்களைப் பொறுத்தவரையில் போர்டு என்றால் ஓட்டுக் கொட்டகையும், கண்டிப்பான ஹெட்மாஸ்டரும், மழைக் காலத்தில் ஒழுகும் கூரையுந்தான்.

கூடாமலே இருந்த போர்டும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் 'போர்டு ஆப் டிரேடு' என்னும் வர்த்தக சபையில் காண்டர்பரி ஆர்ச்பிஷப்புங்கூட ஓர் அங்கத்தினர். பெரிய பெரிய மனிதர்களின் பெயர்களெல்லாம் ஜாபிதாவில் இருக்க, சபை வருஷக் கணக்காய்க் கூடாமலே அந்தப் பெயரில் ஒரு மந்திரி காரியங்களை நடத்திக்கொண்டு போனார். மேஜையும் இல்லை, சுற்றி உட்கார்ந்தவர்களும் இல்லை. பெயர் மாத்திரம் கம்பீரமாக நின்றது.

தமிழர்களுக்குப் பலகையிலிருந்து சபை பிறந்த கதை புதிது அல்ல. மதுரைச் சங்கப் பலகையைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் ஏது? சிவபெருமான் அருளிய அந்தப் பலகை, தகுதியுள்ள புலவர் வந்தால் அவருக்கு வேண்டிய அளவு விரிந்து இடம் கொடுக்கும். தகுதியில்லாதவருக்கு இடம் தராது என்பது புராணம். இங்கிலீஷ்காரருடைய பலகைக்கு இந்த நல்ல குணம் கிடையாது. அது யார் உட்கார்ந்தாலும் விரிந்துகொண்டே போகும். இன்று தேசத்தில் உள்ள போர்டுகளில் எல்லாம் திடீரென்று ஒரு நாள் சங்கப் பலகையைப் போட்டுவிட்டால் எத்தனை அங்கத்தினர்கள் மேலே மிஞ்சுவார்கள், எத்தனை பேர் தரையில் இருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

இனி, கப்பலுக்குப் போவோம். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலகை என்று பொருள்படும் சொல்லோடு, ஓரம் அல்லது பக்கம் என்று பொருள்படும் வேறொரு பழைய சொல்லும் ஒரே உருவத்தில் கலந்துவிட்டது. எல்லையைக் குறிக்கும் 'பார்டர்' இந்த இரண்டாவது சொல்லின் உறவு. புடைவைக் கரைக்கு நம் பெண்மணிகள் பார்டர் என்று சொல்கிறார்களே, அதுவேதான். கப்பலில் 'போர்டு' என்பது கப்பலின் பக்கம். 'ஸ்டார்போர்டு' என்றால் கப்பலின் வலது பக்கம். நட்சத்திரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுக்கான் கப்பலின் பின்புறத்துக்கு நடுவே வருவதற்கு முன்னால், ஒரு பெரிய துடுப்பை வலது பக்கத்தில் தொங்கவிட்டு அதைக் கொண்டே கப்பலைத் திருப்பினார்கள். அதனால் அது 'திருப்பும் பக்கம்' ஆயிற்று. இடது பக்கத்துக்கு 'லார்போர்டு' என்று பெயர் இருந்தது. புயற்காற்றில் மாலுமிக்கு 'ஸ்டார்' காதில் விழுந்ததா, 'லார்' விழுந்ததா? சந்தேகம் வந்தால் கப்பல் பாறையில் மோதும். எனவே 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை 'லார்போர்டு' என்ற சொல்லையே விலக்கி, இடது பக்கத்துக்குப் 'போர்ட்' என்று சொல்ல வேண்டும் என உத்தரவிட்டது. ஒலி ஒற்றுமையால் உயிருக்கு ஆபத்து வரும் என்று கண்டவுடன் ஒரு சொல்லைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்ட அவர்களுடைய துணிச்சலைப் பாராட்டுகிறோம். அவர்கள் நம்மிடமிருந்து கட்டுமரத்தைக் கடன் வாங்கி, இரட்டை உடல் கொண்ட தங்கள் உல்லாசப் படகுக்குச் சூட்டிக்கொண்டதைத்தான் என்னவென்று சொல்வது! நம் மீனவர் மரங்களைச் சேர்த்துக் கட்டியதில் உடல் ஏது, இரட்டை ஏது?

கப்பல் ஏறுவது 'ஆன் போர்டு' போவது. கப்பலிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து ஆகாய விமானத்துக்கும் அந்தப் பேச்சு பரவியது. இதில் ஒரு சிறு எழுத்து செய்யும் வேடிக்கையைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஒருவர் 'ஆன் போர்டு' இருக்கிறார் என்றால் வண்டியிலோ கப்பலிலோ ஏறிவிட்டார். அல்லது ஒரு யோசனைக்குச் சம்மதித்துவிட்டார். 'ஆன் தி போர்டு' என்று நடுவில் ஒரு 'தி' வந்துவிட்டால், நிர்வாக சபையில் அங்கத்தினராகிவிட்டார். அவருடைய பெயர் 'ஆன் தி போர்டு' என்றாலோ, கடையின் முகப்பில் எழுதி மாட்டியிருக்கிறது. சிறு சொல் ஒன்றில் இவ்வளவு உத்தியோகம் அடங்கியிருக்கிறது.

ரயில் டிக்கெட்டில் உள்ள 'போர்டிங் ஸ்டேஷன்' விஷயத்தை மாத்திரம் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். டிக்கெட்டு எந்த ஊரிலிருந்து வாங்கப்பட்டது என்பது வேறு. எந்த ஸ்டேஷனில் ஏறப் போகிறோம் என்று பதிவு செய்வது வேறு. பின்னதுதான் 'போர்டிங்'. சென்னை எழும்பூரிலிருந்து டிக்கெட்டு வாங்கிவிட்டு, வீட்டுக்குச் சமீபம் என்பதற்காகத் தாம்பரத்தில் ஏறுவதாக மாற்றிக்கொண்டவர்கள், பிறகு மனம் மாறி எழும்பூரில் போய் ஏறுவதற்கு உரிமை இல்லை. மாற்றாமலே தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கோ, எழும்பூரிலேயே படுக்கை காலி என்று கருதப்பட்டு வேறொருவருக்குப் போய்விடக்கூடிய அபாயம் உண்டு. குழந்தை குட்டிகளுடன் நடு ராத்திரியில் நின்றுகொண்டு பலகைக்கும் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வதைவிட, பகலில் வீட்டிலேயே கற்றுக்கொள்வது உத்தமம்.

மரம் மறைந்து பெயர் மட்டும் நிற்கும் கூட்டுச் சொற்கள் சில உண்டு. கோப்பைகளைப் பார்வையாக அடுக்கி வைத்த திறந்த பலகைதான் ஆதியில் 'கப்போர்டு'. இப்போது அது கதவு வைத்த அலமாரி. சொல்லும்போது நடுவிலுள்ள எழுத்தை விழுங்கிக் 'கபர்டு' என்றுதான் சொல்ல வேண்டும். குதிரை வண்டியில் குளம்பு வாரி இறைக்கும் சேறு வண்டிக்காரன் முகத்தில் அடிக்காமல் தடுக்க முன்னால் ஒரு பலகை வைத்தார்கள், அது 'டாஷ்போர்டு'. மோட்டார் வந்தது, குதிரை போயிற்று, சேறு மட்டும் நம் ரோடுகளில் மிச்சம். பலகையின் பெயர் வேகம் காட்டும் முள்ளுக்கும் பெட்ரோல் காட்டும் முள்ளுக்கும் இடமாயிற்று. இன்றைக்கு ஒரு மந்திரியோ கலெக்டரோ கம்ப்யூட்டர் திரையில் கணக்குகளைப் பார்க்கும் பக்கத்துக்கும் அதே பெயர். சேற்றைத் தடுக்கும் காரியத்தை அது இன்னும் செய்கிறதா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

'பிளாக்போர்டு' என்பதைக் கரும்பலகை என்று தமிழ் செய்தவர் நன்றாகவே செய்தார். ஆனால் பலகைக்குப் பச்சை வர்ணம் பூச ஆரம்பித்ததும் 'பச்சைக் கரும்பலகை' என்னும் அதிசயப் பிராணி வகுப்பறைகளில் உலவலாயிற்று. 'கீபோர்டு' விசைப்பலகை ஆனதும் பொருத்தமே. கம்ப்யூட்டரின் வயிற்றிலுள்ள 'மதர்போர்டை'த் தாய்ப்பலகை என்று சொல்கிறார்கள். மாமியார்ப் பலகை எங்கே என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. 'கார்டுபோர்டு' மட்டும் நம்மிடம் வரும்போதே அட்டை என்ற நல்ல சொல்லைக் கண்டு ஒதுங்கிக்கொண்டது.

தமிழ் ஜனங்கள் இந்த வித்துவான்களுக்காகக் காத்திருக்கவில்லை. அவர்கள் 'போர்டு' என்ற சொல்லைத் தமக்கு வேண்டிய அளவுக்கு எடுத்து, எழுதி மாட்டியது என்ற ஒரே அர்த்தத்தில் தமிழாக்கிவிட்டார்கள். கொட்டகையில் 'ஹவுஸ்புல் போர்டு' மாட்டுகிறார்கள். டாக்டர் 'போர்டு போட்டு' வைத்தியம் செய்கிறார். பஸ் வந்தால் "போர்டைப் பார்" என்கிறோம். சென்னையில் 'வெள்ளை போர்டு' என்றால் சாதாரணக் கட்டணத்துப் பஸ். 2021-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து அவ்வகைப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலையில் நாலு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி தூரத்தில் வரும் பஸ்ஸை உற்று நோக்கி, "வெள்ளை போர்டுதான்" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விடுகிறாளே, அந்தச் சொல்லுக்கு அவளிடம் உள்ள அர்த்தத்தை எந்த அகராதியும் எழுதவில்லை. இம்மாதிரி ஊறிப்போன சொல்லை ஜனங்களின் வாயிலிருந்து பிடுங்க வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் சர்க்கார் ஸ்தாபனத்துக்குப் பெயர் வைப்பது வேறு சமாசாரம். அங்கே ஜனங்களுக்கு அர்த்தம் விளங்கியாக வேண்டும். 'போர்டு' என்பதைப் பலகை என்று மொழிபெயர்த்திருந்தால் மின்சாரப் பலகை, வீட்டு வசதிப் பலகை என்றெல்லாம் ஆகியிருக்கும், சிரித்துவிட்டு விட்டிருப்போம். நல்ல காலமாக, நம் அறிஞர்கள் மரத்தைப் பார்க்காமல் மரத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்களைப் பார்த்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கல்வெட்டில் உறங்கிக் கிடந்த வாரியம் என்ற சொல் எழுந்து வந்தது. 1957-இல் ஏற்பட்ட மின்சார போர்டு, மின்சார வாரியம் ஆயிற்று. பிறகு குடிநீர் வாரியம், வீட்டு வசதி வாரியம், தொழிலாளர் நல வாரியம், ஆசிரியர் தேர்வு வாரியம் என்று குடும்பம் பெருகியது. மின்சார வாரியம் 2010-இல் கம்பெனிகளாகப் பிரிந்த பிறகும் ஜனங்கள் 'ஈ.பி.' என்று சொல்வதை நிறுத்தவில்லை. அந்த 'பி' என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

வாரியம் கிடந்த இடம் உத்தரமேரூர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபை எப்படி வாரியங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதிக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறு பிள்ளையைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இவ்வாறு வந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குள்ளும் இருக்க வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் படிப்பும் வேண்டும். முந்திய மூன்று வருஷங்களில் வாரியம் செய்தவர் மறுபடியும் வரக்கூடாது. அது பிரமதேயத்து ஊர். சபை முழுவதும் பிராமணர்களுடையது. பெண்களுக்கும் உழுது பயிரிட்டவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆகையால் ஆதி ஜனநாயகம் என்று அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கூத்தாடுபவர்களுடன் நாம் சேர மாட்டோம். எனினும் ஒரு விதி நம்மைப் பரவசப்படுத்துகிறது. முன்பு வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் மறுபடியும் ஓலைக்கு உரியவர் அல்லர். அவர் மாத்திரம் அல்ல. அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மருமகன் என்று நெருங்கிய உறவின் முறையார் எல்லோருமே விலக்கப்பட்டார்கள்.

ஒரு குடிமகன் 'போர்டு' என்னும் இங்கிலீஷ் சொல்லின் முன்னால் நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். வாரியம் என்றால், கணக்கு எங்கே என்று கேட்க ஒரு பழைய பாத்தியதை அவனுக்கு இருக்கிறது. சொல்லை மாற்றியவர்கள் இதையும் எண்ணித்தான் மாற்றினார்களோ என்னவோ!

விண்ணப்பத்தின் முன் பேனாவுடன் உட்கார்ந்திருக்கும் பெண்ணை மறந்துவிடவில்லை. அவளுக்கு வேண்டியது இதுதான்: அங்கே கேட்கிற போர்டு, பரீட்சை நடத்தி மார்க்குச் சான்று அளித்த சபை. நம் ஊரில் 'பப்ளிக் பரீட்சை' என்று சொல்லிவிடுவதால் அப்பெயர் காதில் விழுவதில்லை, சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அந்த 'பி' எழுத்தே அதுதான். மார்க்குச் சான்றிதழின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் ஸ்தாபனத்தின் பெயரைப் பார்த்து அப்படியே எழுதினால் போதும். ஜாபிதாவிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் தமிழ்நாடு ஸ்டேட் போர்டைத் தொடலாம்.

அடுத்த வாரம் 'பாஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ள உத்தேசம். பரீட்சையில் தேறுவதும், பஸ் சீட்டும், மலைக் கணவாயும், ஒருவர் காலமாவதும் அதில் அடங்கியிருப்பதால், இரண்டு வாரம் பிடித்தாலும் பிடிக்கலாம்.